தோட்டம் பார்க்கப் போனவர் கதவைத் தட்டினார்

2006 ஜனவரியில் என் அக்காவின் கணவர் சூசைப்பிள்ளை மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு டெப்பனேர் வாசலில் சறுக்கி விழுந்தார். பாலும் பாணும் வாங்கப் போன மூலைக்கடை. இடுப்பு எலும்பு முறிந்து பனிக்கட்டியில் மல்லாந்து கிடந்தபடி, அந்த வழியால் போன ஒவ்வொருவருக்கும் "சவா, சவா, மெர்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுகமாக இருக்கிறேன், நன்றி என்று அர்த்தம். ஒரு பெண் நின்று, குனிந்து, கை கொடுக்கவா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கும் அதே பதில். கடைசியில் கடைக்காரர் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, ஜனவரியில் ஒருவன் தெருவில் படுத்து வானம் பார்க்கமாட்டான் என்று தானே முடிவெடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டார்.

அத்தானைப் பற்றி எழுதுவதானால் இந்த விழுகையில்தான் தொடங்கவேண்டும். அவருடைய குணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

மட்டக்களப்புப் புளியந்தீவில் பிறந்தவர். அங்கே பஸ் கொண்டக்டர். எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டினார். பிரெஞ்சு அங்கேதான் படித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மிகவும் பக்தியான கத்தோலிக்கர் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். பெட்டி விழுந்தால் நற்கருணைப் பேழையை நினைக்கிறார்கள், கையில் அடிபட்டால் பூசைப் பாத்திரத்தை நினைக்கிறார்கள் என்பார். கியூபெக்கில் தூஷணம் முழுவதும் கோயில் சாமான்களின் பெயர்தான் என்று ஒருவர் விளக்கியபோது அவருக்குக் காது சிவந்துபோனது. அதற்குள் பங்குத்தந்தைக்கு முன்னாலேயே அந்தச் சொற்களை இரண்டு தடவை பாவித்திருந்தார்.

அக்கா இறந்தபின் லாசால் வீட்டில் தனியாக இருந்தார். தானே சமைத்தார், தானே உடுப்புத் தோய்த்தார். பல்கனியில் வாளிகளில் மிளகாய் வைத்தார். நான் நகரத்தின் இன்னொரு பக்கம், கோட்-டெ-நெய்ஜில் இருக்கிறேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆட்களைக் கட்டிலிலிருந்து எழுப்புவது, குளிக்கவார்ப்பது, நடக்கவைப்பது, இதுதான் என் தொழில். ஆகவே அத்தானுக்கு இடுப்பு மூட்டு மாற்றிய சத்திரசிகிச்சை முடிந்தபின் நான்தான் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி லாசாலுக்குப் போய் அவரை நடக்கப் பழக்கினேன். மே மாதம் ஆகும்போது கால் நன்றாக இருந்தது. ஆனால் மற்ற எதுவும் நன்றாக இல்லை. ஊன்றுகோலைக் கொடுத்தால் குடையைப்போல முழங்கையில் கொழுவிக்கொள்வார். குனியாமல் சப்பாத்துப் போட நீளப் பிடி வைத்த கரண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அது நோயாளிச் சாமானாம்.

அவருடைய ஒரே மகள் லோஜினி இங்கிலாந்தில், ஷ்ரொப்ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். கணவன் ஞானேந்திரன் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். மே கடைசியில் பள்ளிக்கூட விடுமுறை, அப்பாவும் சின்னம்மாவும் வாருங்கள், தோட்டங்கள் எல்லாம் பூத்திருக்கும் என்று கூப்பிட்டாள். அத்தான் சந்தோஷமாகப் புறப்பட்டார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், அதில் ராசாவைப்போல ஏறி இருந்தார். எனக்கு ஆச்சரியம். பிறகுதான் விளங்கியது, அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. வரிசையில் முன்னுக்கு விடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

போய்ச் சேர்ந்த இரவு சாப்பாட்டு மேசையில் லோஜினி விஷயத்தைச் சொன்னாள். அப்பா இனித் திரும்பிப் போகத் தேவையில்லை. கீழ் அறையை அவருக்கென்று ஒழுங்கு செய்துவிட்டாள். அதுமட்டுமல்ல, லாசால் வீட்டுக்காரருக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறாள். மொன்றியலில் வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியுமாக வீடு மாறும். வீட்டுக்காரர் ஒரு கிரேக்கர், நல்ல மனிதர். இன்னொரு குடும்பம் அந்த வீட்டைக் கேட்கிறது, திங்கட்கிழமைக்குள் முடிவு சொன்னால் போதும் என்றாராம்.

அத்தான் கையைக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். ஞானேந்திரன் தண்ணீர் எடுக்கும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டார்.

லோஜினியைக் குறை சொல்ல முடியாது. தகப்பன் பனியில் கிடந்த கதை அவளுக்குத் தெரியும். அதன்பிறகு மொன்றியல் நம்பரில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு இடிக்கிறது என்றாள். அத்தான் சொன்னது ஒன்றுதான். இருபது வருடம் அந்த ஊரில் வேலை செய்தவர், பஸ் தெரியும், கடை தெரியும், கோயில் தெரியும், அக்காவைப் புதைத்த இடமும் அங்கேதான். இங்கே கார் இல்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. தனக்குக் கால் நல்லது, நடந்து காட்டுகிறேன் என்றார்.

அப்போது லோஜினி என்னைப் பார்த்தாள். "சின்னம்மா, உங்கட வேலையே இதுதானே. இந்தக் கிழமை முழுக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாத் திரியப்போறம். படி இருக்கும், புல் இருக்கும், கல்லுப்பாதை இருக்கும். பார்த்துப்போட்டு நீங்கள் சொல்லுங்கோ, அவர் தனிய இருக்கலாமோ எண்டு. நீங்கள் ஓம் எண்டால் நான் வாய் திறக்கமாட்டன். ஆனால் பொய் சொல்லக்கூடாது."

"கிளி எனக்காகப் பொய் சொல்லமாட்டாள்," என்று என்னைக் காட்டிச் சொன்னார் அத்தான். "என்னில அவளுக்கு அவ்வளவு விருப்பமில்லை."

அப்படியாக நான் நீதவான் ஆனேன். கேட்டுப் பெற்ற வேலை அல்ல.

முதலில் போனது ஒரு பெரிய மாளிகைத் தோட்டம். ஒரு காலத்தில் பிரபு குடும்பம் இருந்தது, இப்போது எல்லோரும் போய்ப் பார்க்கலாம். சுவர்போல வெட்டிய செடிவேலிகள், நடுவில் வட்டக் குளம், படிப்படியாக இறங்கும் புல்வெளி. வெள்ளைக்காரர் கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு மெல்ல நடந்து, செடியின் பெயர்ப் பலகையைப் படித்து, ஆமாம் என்று தலையாட்டி, அடுத்த செடிக்குப் போனார்கள். கோயிலுக்குள் பேசுவதுபோலத்தான் பேசினார்கள்.

அத்தான் பூவைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது கல்லை. ஆள் உயரத்துக்குப் பெரிய கல்சாடிகள் படியின் இரண்டு பக்கமும் நின்றன. இதை எந்த வழியால் கொண்டுவந்திருப்பார்கள், இந்த வளைவில் எந்த வண்டி திரும்பும், எத்தனை பேர் பிடித்து இறக்கியிருப்பார்கள் என்று ஞானேந்திரனோடு கதைத்துக்கொண்டே போனார். ஊன்றுகோல் முழங்கையில் தொங்கியது. நடப்பதற்கு அவர் அதைத் தொடவில்லை. எதையாவது காட்டுவதற்கு மட்டும் கையில் எடுத்தார்.

படி வந்தது. பிடிக்கக் கம்பி இல்லாத அகலமான கல்படி. "பொல்லை ஊண்டுங்கோ அத்தான்," என்றேன். அவர் கேட்காதமாதிரி, மகள் பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து இறங்கினார். ஒரு பிழையும் இல்லை. லோஜினியின் முகத்தில்கூட ஒரு சின்னச் சந்தோஷம். கீழே வந்ததும் ஒரு கல்சாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் அடிப்பாகத்தை வெகு கவனமாக ஆராய்ந்தார். ஆராய்ச்சி நீண்டுகொண்டே போனது. நான் பக்கத்தில் போனேன். நெற்றி முழுக்க வியர்வை, வாய் ஓரம் வெள்ளை. நாங்கள் மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறோம். ஒருவருடைய கையையும் அவர் கேட்கவில்லை. சாடியைத்தான் நம்பினார்.

அடுத்த தோட்டத்திலும் அதே கதை. அங்கே மதில் கட்டிய மரக்கறித் தோட்டம் ஒன்று இருந்தது. அவரை, பட்டாணி, கீரை எல்லாம் நூல் பிடித்த வரிசையில் நின்றன. அத்தானுக்கு அதுதான் பிடித்தது. ரோசாவைப் பார்த்து இதில் எதைச் சாப்பிடலாம் என்று கேட்டவர், இங்கே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். தோட்டக்காரர் ஒருவரை நிறுத்தி நத்தைக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். அவ்வளவு நேரமும் ஈரப் புல்லில் நின்றார். திரும்பும்போது கால் ஒருமுறை சறுக்கியது. லோஜினி கையை நீட்டினாள். அதைத் தட்டிவிட்டு, அவரைக்கொடிப் பந்தலின் கம்பைப் பிடித்தார். கம்பு கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, விழவில்லை. கம்பைத் திரும்பவும் மண்ணில் குத்திவிட்டு, இது சரியாக நடப்படவில்லை என்று தோட்டக்காரருக்குச் சொன்னார்.

என் தொழிலில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இல்லத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவர்கள் பலவீனமானவர்கள் அல்ல. பலவீனமானவர்கள் மணியை அடிப்பார்கள், நாங்கள் போவோம், கையைப் பிடித்துக்கொண்டு போய்வருவார்கள். விழுகிறவர்கள் மணி அடிக்க வெட்கப்படுகிறவர்கள். நல்ல கால் உள்ளவர்கள். ஒருவர் தனியாக இருக்கலாமா என்று கேட்டால் நான் அவருடைய காலைப் பார்ப்பதில்லை. அவருக்கு வாய் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

சனிக்கிழமை மாலை, காருக்குள் ஏறும்போது அத்தான் என் காதோடு கேட்டார். "எப்படி? விழேல்லைத்தானே?"

"விழேல்லை."

"அப்ப நாளைக்குச் சொல்லிப்போடு. திங்கட்கிழமை கிரேக்கனுக்கு ஃபோன் அடிக்கவேணும்."

"இப்ப கேட்டால் நான் இல்லை எண்டுதான் சொல்லுவன் அத்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சோதனைக்கு முதல்நாள் வினாத்தாளைக் காட்டுவார்களா? சொன்னால், அடுத்தநாள் முழுவதும் தேவையில்லாமல் எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டு நடந்து காட்டுவார். அவரை எனக்குத் தெரியும்.

அன்றிரவு அவர் கிராமத்துக் கடை வாசலில் பார்த்த ஒரு மஞ்சள் நோட்டீசைப் பற்றி மட்டும் விசாரித்தார். ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டுத் தோட்டம் திறந்திருக்கும், எல்லோரும் வரலாம், தேத்தண்ணீர் உண்டு என்று போட்டிருந்தது. வீட்டின் பெயரும், வீட்டுக்காரியின் பெயரும், மிசிஸ் மார்ஜரி ஹாலம் என்று, இருந்தன. வருடத்தில் ஒருநாள் அப்படிச் செய்வார்கள், வாசலில் ஒரு தருமப் பெட்டி இருக்கும், நாளைக்கு அங்கேயும் போவோம் என்றார் ஞானேந்திரன்.

அத்தான் எழுந்து குசினிக்குப் போய்க் கடலைப்பருப்பு இருக்கிறதா என்று தேடினார். ஊறப்போட்டுவிட்டுப் படுத்தார்.

விடிய நான் எழும்பி வரும்போது வெங்காயமும் செத்தல் மிளகாயும் அரிந்து முடிந்துவிட்டது. உயரமான முக்காலியில் இருந்தபடி, ஒழுங்காக, நிதானமாக வடை சுட்டுக்கொண்டிருந்தார். லோஜினி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா, அது வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது, ஒருவரும் சாப்பாடு கொண்டுபோகமாட்டார்கள் என்றாள்.

"வீட்டுப் பேர் போட்டிருக்கு. மனிசியின்ர பேர் போட்டிருக்கு. தேத்தண்ணி தாறன், வாங்கோ எண்டிருக்கு," என்றார் அத்தான். "இதைவிட எப்படிக் கூப்பிடுறது? வெறுங்கையோட போய் நிக்கச் சொல்லுறியோ?"

லோஜினி என்னைப் பார்த்தாள். நான் அத்தானின் பக்கம் நின்றேன். பெயர் போட்டு அழைத்த வீட்டுக்கு ஒரு வாழைப்பழம்கூட இல்லாமல் எப்படிப் போவது? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு பெரிய பீங்கான் தட்டில் வடையை அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்தேன்.

அந்த வீட்டுக்குப் போனால், சனம் எல்லாம் பக்கத்துச் சின்னப் படலையால் நேரே பின்தோட்டத்துக்குப் போகிறது. படலையில் பெட்டி வைத்துக்கொண்டு ஒரு கிழவர் இருந்தார். ஞானேந்திரன் பெட்டியில் போட்டுவிட்டு எங்களுக்குக் கை காட்டினார். அத்தான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தட்டை ஒரு கையில் ஏந்தி, முன்வாசலுக்குப் போய், ஊன்றுகோல் கொழுவிய மற்றக் கையால் கதவைத் தட்டினார். நான் பின்னால் போனேன். லோஜினி ரோசாப் பந்தலுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

கதவைத் திறந்தது மிசிஸ் ஹாலம்தான். எண்பதுக்குக் கிட்ட வயது, மெலிந்த உயரமான மனிசி, ஏப்ரனில் மாவு. அத்தான் தன் களஞ்சிய ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, அழைத்ததற்கு நன்றி, நாங்கள் மொன்றியலில் இருந்து வந்திருக்கிறோம் என்று தட்டை நீட்டினார். அந்த மனிசி தட்டைப் பார்த்தாள், துணியைத் தூக்கி வடையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். மொன்றியலில் இருந்தேவா என்று கேட்டாள். இந்த நோட்டீசைப் பார்த்து அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்ததில்லை என்று சொல்லி, கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.

வீட்டு வாசல் என்றால் அத்தானுக்குச் சப்பாத்தைக் கழற்றவேண்டும். நிலையில் தோளைச் சாத்தி, ஒரு குதிக்காலை மற்ற முன்காலால் மிதித்து, எப்படியோ இரண்டையும் கழற்றிவிட்டார். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் அவர் முன்னறைக்குள் போய், அங்கே கிடந்த ஒரு பூப்போட்ட சோபாவில் இருந்துவிட்டார். இருந்தார் என்பதைவிட இறங்கினார் என்று சொல்லலாம். பழைய சோபா, ஸ்பிரிங் செத்தது. முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. மாற்றிய மூட்டுக்கு அதைப்போல எதிரி வேறில்லை. ஆனால் இறங்கினவரை உடனே இழுக்கவும் கூடாது.

தேத்தண்ணீர் வந்தது. மிசிஸ் ஹாலம் ஒரு உயரமான மரக்கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு வடையைக் கடித்தாள். மிளகாய் பிடித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமி, தேத்தண்ணீரைக் குடித்து, இரண்டாவதை எடுத்தாள். செடிகளைப் பற்றி அவள் கேட்க, பல்கனி மிளகாய் பற்றி அத்தான் சொல்ல, கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் சனம் கூடிவிட்டது. யாரோ வந்து பால் முடிந்துவிட்டது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழும்பவேண்டிய நேரம்.

நான் எழும்பினேன். அத்தான் எழும்பவில்லை.

ஒருமுறை முன்னுக்குத் தெண்டினார், சோபா விடவில்லை. பக்கத்துக் கைப்பிடியை அமத்திப் பார்த்தார், அது பஞ்சு. பிறகு எழும்ப முயன்றதாகவே காட்டாமல், மூலையில் நின்ற பியானோவைக் காட்டி, அதை இந்தச் சின்னக் கதவால் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பியானோவின் நிறை என்ன இருக்கும் என்று கேட்டார். அதற்கும் சொன்னாள். மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கையையும் நீட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து லோஜினியும் ஞானேந்திரனும் எங்களைத் தேடிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார்கள். லோஜினி ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தான் மணிக்கூட்டுக் கதையை நிறுத்திவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். மகள் வாசலில் நிற்கிறாள். கை கேட்டால் லாசால் வீடு போய்விடும். கேட்காவிட்டால் இந்தச் சோபாவை விட்டு எழும்பவே முடியாது.

காது சிவக்க, கொஞ்ச நேரம் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளி," என்றார். "எனக்கு எழும்பேலாது. வந்து கை தா."

நான் போனேன். அவர் அதோடு நிற்கவில்லை. வலக்கால் முன்னுக்கு இருக்கட்டும், நான் நுனிக்கு வருகிறேன், கையைப் பிடித்து இழுக்காதே, முழங்கைக்குக் கீழே பிடி என்று, நான் நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லிக் களைத்த பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னார். பிறகு மிசிஸ் ஹாலமைப் பார்த்து, மற்றப் பக்கம் நீங்கள் கொஞ்சம் பிடிக்கமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் உடனே வந்தாள். இரண்டு பேருமாக எழுப்பி நிறுத்தினோம். ஊன்றுகோலைத் தானே கேட்டு வாங்கி, ஊன்றினார். முதன்முதலாகத் தரையில் ஊன்றினார்.

மிசிஸ் ஹாலம் சிரித்தாள். தனக்கும் இடுப்பு மாற்றி இரண்டு வருடம், அந்தச் சோபாவில் தான் இருப்பதே இல்லை, சீக்கிரம் போய்விடக்கூடாது என்று நினைக்கிற விருந்தாளியைத்தான் அதில் இருத்துவது என்றாள். எந்தப் பக்கம் என்று அத்தான் கேட்டார். இடது என்றாள். எனக்கு வலது என்றார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வாசலில் சப்பாத்துப் போடும் பிரச்சினை வந்தது. இந்தமுறை அவர் நிலையில் சாயவில்லை, நின்று யோசித்தார். மிசிஸ் ஹாலம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீளப் பிடி வைத்த சப்பாத்துக் கரண்டி. நான் வாங்கிக் கொடுத்ததேபோல, நிறம் மட்டும் வேறு. ஆனந்தமாகப் போட்டுக்கொண்டு, என்ன அருமையான சாமான் என்றார். மிசிஸ் ஹாலம், என்னிடம் இன்னொன்று இருக்கிறது, கொண்டுபோங்கள், தட்டை வெறுமையாகத் திருப்பித் தர எனக்கு மனமில்லை என்று சொன்னபோது அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே, இது வீட்டு அழைப்புத்தான் என்பது அந்தப் பார்வை.

பின்தோட்டத்தில் ஒரு வாங்கில் போய் இருந்தோம். உயரமான வாங்கு, நான் பார்த்துத் தெரிந்தெடுத்தது. நல்ல வெயில். வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. அத்தான் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்பைத் தானே எழுதிவிட்டவர்போல இருந்தார்.

லோஜினிக்குக் கண் கலங்கியிருந்தது. "சின்னம்மா, பார்த்தனீங்கள்தானே," என்றாள். "ஒரு கதிரையால எழும்பேலாது. இவரை நான் எப்படித் தனிய விடுறது?"

"பார்த்தனான்," என்றேன். "அவர் வீட்ட போகலாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நான் நீட்டிப் பேசவில்லை. நேற்றுவரைக்கும் என் பதில் இல்லை என்பதுதான் என்றேன். படியில் இறங்கியபோதும், கம்பைப் பிடித்தபோதும் நான் பார்த்தது நடையை அல்ல, டெப்பனேர் வாசலில் கிடந்துகொண்டு மெர்சி சொன்ன அதே ஆளைத்தான். அந்த ஆளை ஒரு மாளிகையில் வைத்தாலும் விழுவார், உன்னுடைய கீழ் அறையிலும் விழுவார், நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து விழுந்து, நீ வரும்வரைக்கும் சத்தம் போடாமல் கிடப்பார். இன்றைக்கு இவர் கை கேட்டார். உனக்கு முன்னால் கேட்டார். கேட்டால் வீடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டே கேட்டார். எப்படிப் பிடிப்பது என்றும் சொன்னார். வாய் திறக்கிற ஆள் தனியாக இருக்கலாம்.

ஞானேந்திரன்தான், சின்னம்மா சொன்னால் கேட்கிறேன் என்றது நீதானே என்று மெல்ல ஞாபகப்படுத்தினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை போடத் தொடங்கினாள். நான் என் பங்குக்கும் போட்டேன். கழுத்தில் மாட்டுகிற அவசர மணி. ஊன்றுகோல் முழங்கையில் அல்ல, கையில். ஒவ்வொரு நாளும் காலையில் எனக்கு ஒரு தொலைபேசி. லாசால் வீட்டில் இருக்கும் பழுப்புச் சோபாவும் இதே உயரம்தான், அது வெளியே போகவேண்டும்.

"அது உன்ர அக்கா வாங்கினது," என்றார் அத்தான்.

"அக்கா இருந்திருந்தால் எப்பவோ எறிஞ்சிருப்பாள்," என்றேன். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

திங்கட்கிழமை அவரே கிரேக்கருக்குத் தொலைபேசி எடுத்தார். திரும்பி வருகிறேன் என்றார். அதோடு, ஒரு உதவி வேண்டும், ஜூலை முதலாம் திகதி ஒரு சோபாவைக் கீழே இறக்கவேண்டும் என்றும் கேட்டார். லோஜினி குசினி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை முதலாம் திகதி நான் லாசாலுக்குப் போனபோது தெரு முழுக்கக் கட்டிலும் மெத்தையும் லொறியும். நாலு வீட்டு ஆட்கள் சேர்ந்து அத்தானின் சோபாவைப் படியால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மேலே நின்று, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, இடப்பக்கம் சரியுங்கள், காலை உயர்த்துங்கள் என்று பிரெஞ்சில் மேற்பார்வை செய்தார். ஒரு திருப்பத்தில் சோபா இறுகியபோது நற்கருணைப் பேழையையும் நினைத்துக்கொண்டார். தெருவோரத்தில் வைத்த சற்று நேரத்திலேயே வேறொரு குடும்பம் அதை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் வீட்டில் இடுப்பு மாற்றியவர்கள் ஒருவரும் இல்லை என்று நம்புகிறேன்.

இப்போது அவருடைய கஷ்டம் வேறு. கேட்கப் பழகிவிட்டார், நிறுத்தத் தெரியவில்லை. ஒருநாள் காலை தொலைபேசி எடுத்து, ஊறுகாய்ப் போத்தல் மூடி திறக்க முடியவில்லை என்றார்.

"அதுக்கு நான் கோட்-டெ-நெய்ஜில இருந்து மெட்ரோ எடுத்து வரவோ?"

"கேக்கச் சொன்னது நீதானே புள்ள."

பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பத்திநாதர், எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான், பல வருடமாகப் படியில் கண்டு தலையாட்டியதோடு சரி. மூடியைத் திறந்துவிட்டு, சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். பிறகு ஞாயிறு தோறும் வருகிறார்.

மிசிஸ் ஹாலமின் சப்பாத்துக் கரண்டி வாசல் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் இங்கிலாந்துச் சாமான் என்று காட்டுகிறார். நான் கொடுத்தது இன்னும் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. ஒருநாள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரே நீளம்.